பச்சைத் தண்ணீரும் நான்கு கட்டு வைக்கோலும்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு குட்டை இருக்கிறது. ஆழம் சராசரியாக ஒன்றரை மீட்டர். சாதாக் கெண்டை விட்டிருக்கிறோம். தினமும் இரண்டு கிலோ தீவனம் போடுகிறேன். மூன்று மாதங்களாகத் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. வேதிப்பொருள் எதையும் போடக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வைக்கோல் போட்டால் பாசி ஒழியும் என்று படித்துவிட்டு, கையில் இருந்த நெல் வைக்கோலை நான்கு கட்டு அப்படியே உருட்டிவிட்டேன். நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு சாக்கு வேப்பிலையும் கொட்டினேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பதினைந்து செத்துவிட்டன. பாசி மட்டும் அப்படியே இருக்கிறது. பார்லி வைக்கோல்தான் போட வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு போடுவது? வேறு எந்த இயற்கைப் பொருள் உதவும்? எங்கள் நாய் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாதே?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

போகிற போக்கில் நீங்கள் கேட்டிருக்கும் கடைசிக் கேள்விதான் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. நாயை இன்றே அந்தத் தண்ணீரிலிருந்து விலக்கி வையுங்கள். குடித்தால்தான் ஆபத்து என்றில்லை. நீந்திவிட்டு வந்து உடம்பை நக்கினாலும் உள்ளே போகும்.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உயிர்களும் சேர்ந்திருக்கின்றன. நீலப்பச்சைப் பாசி என்பது பெயரில்தான் பாசி. உண்மையில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா போன்ற இனங்கள் சில நேரங்களில் ஈரலையோ நரம்பையோ தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்து நாய்களும் ஆடுமாடுகளும் இறந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது என்றால் அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் குட்டையில் இருப்பது எது? வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிக் குடுவையில் முக்கால் பங்கு தண்ணீர் எடுங்கள். மூடி, வெயில் படாத இடத்தில் ஆட்டாமல் அசைக்காமல் இரவு முழுதும் வையுங்கள். காலையில் பச்சை முழுவதும் மேலே ஏறி ஏடுபோல் படிந்திருந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்க வேண்டும். அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மிதக்கிறது. அடியில் தங்கினால் சாதாரணப் பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குச்சியை விட்டு எடுத்தும் பாருங்கள். தலைமுடிபோல் தொங்கினால் இழைப்பாசி. வர்ணத்தில் தோய்த்து எடுத்ததுபோல் பூசிக்கொண்டு வந்தால் மறுபடியும் அதே சந்தேகம். இவை முன்னோட்டம்தான், நுண்ணோக்கி சொல்வதே தீர்ப்பு.

இனி மீன்கள். அவற்றை நீலப்பச்சைப் பாசி கொன்றதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் விரல் வைக்கோலையும் வேப்பிலையையும்தான் காட்டியிருக்கும். கணக்கைப் பாருங்கள். உங்கள் குட்டையில் 300 கன மீட்டர் தண்ணீர் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஏழரை கிராம். ஆக, குட்டை நிரம்பியிருந்தாலே மொத்த இருப்பு இரண்டேகால் கிலோதான். ஒரு கிலோ வைக்கோல் முழுதாக மட்க ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமான ஆக்சிஜன் வேண்டும். கட்டுக்கு 15 கிலோ என்று வைத்தால்கூட நீங்கள் உருட்டிவிட்டது 60 கிலோ!

வைக்கோல் ஒரே நாளில் மட்கிவிடாது, மாதக்கணக்கில் மட்கும். அதற்குள் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் பச்சை வேப்பிலை அப்படிக் காத்திருக்காது. பச்சிலையில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கும். ஏற்கெனவே பாசி மண்டிய குளத்தில் பகலில் ஆக்சிஜன் ததும்பும், இரவில் அந்தப் பாசியே மூச்சுவிட்டு அதைத் தின்றுவிடும். விடியற்காலையில்தான் இருப்பு அடிமட்டத்துக்கு வரும். மீன்கள் வாயைப் பிளந்த நேரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு, வேம்பில் உள்ள அசாடிராக்டின் நீர்ப்பூச்சிகளுக்கும் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த சிறு ஓட்டுடலிகளுக்கும் ஆகாது. பாசியை மேய்ந்து வாழும் நீர்த்தெள்ளு அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பாசிக்கு எதிரான படையை நாமே வேப்பிலை அடித்து விரட்டியது போலாகிவிட்டது.

ஆகவே முதல் வேலை, போட்டதை எடுப்பது. நண்பகலுக்குப் பிறகு செய்யுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் அப்போதுதான் அதிகம். சேற்றைக் கிளறாமல் நீண்ட வாரியால் கரை ஓரத்துக்கு இழுத்து, குட்டைக்கு வெளியே தள்ளிக் குவியுங்கள். அதன் கசிவு திரும்பக் குட்டைக்குள் வடியாத பக்கமாகப் பார்த்துக் கொட்டுங்கள். மீன் மேலே வருவது நிற்கும்வரை தீவனத்தையும் நிறுத்துங்கள். காற்றூட்டும் இயந்திரம் கிடைத்தால் இரவு தொடங்கிச் சூரியன் நன்றாக ஏறும்வரை ஓடட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட பார்லி வைக்கோல். பார்லியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதற்கு ஆய்வுப் பின்புலம் இருக்கிறது. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் கால்வாயில் பார்லி வைக்கோலைப் போட்டுப் பார்த்த ஆய்வு 1990ஆம் ஆண்டு வெளியானது. இழைப்பாசி குறைந்தது என்றது. 1996இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நீர்த்தேக்கங்களில் நீலப்பச்சைப் பாசியும், டயாட்டம் என்ற ஓடுள்ள நுண்பாசிகளும் கட்டுப்பட்டதைச் சொன்னது. அதன் பிறகு பல இடங்களில் செய்து பார்த்தார்கள். சில குளங்களில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, சிலவற்றில் போட்டதும் போடாததும் ஒன்றாகவே இருந்தன. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைப் பாசிக்கொல்லியாகப் பதிவு செய்யவில்லை. அங்கே யாரும் அந்தப் பெயரில் இதை விற்கவும் முடியாது.

'கொல்லி' என்ற சொல் இதற்குப் பொருந்தவும் பொருந்தாது. இருக்கிற பாசியை வைக்கோல் கொல்வதில்லை. புதிதாகப் பெருகுவதைத்தான் மட்டுப்படுத்துகிறது. அதுவும் வைக்கோலாக இருக்கும்போது ஒன்றும் நடக்காது, மட்கும்போதுதான் நடக்கும். காற்றோட்டமான தண்ணீரில் பூஞ்சைகள் வைக்கோலுக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும்போது ஃபீனால் வகைப் பொருள்களும் மக்குப்பொருள்களும் கசிகின்றன. அவற்றின்மேல் வெயில் பட்டு மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடாமல் உண்டாகிறது, அதுதான் பாசியைத் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். ஃபீனால்களே நேரடியாகத் தடுக்கின்றன என்பது மற்றொன்று. எது உண்மையானாலும் வேண்டியவை மூன்று: காற்று, வெளிச்சம், பொறுமை. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் பலன் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை இழுக்கும். அதனால்தான் பாசி மண்டிய பிறகு போடுவதைவிட, மண்டும் பருவத்துக்கு முன்பே போட்டுவைக்கச் சொல்கிறார்கள். புட்டியில் அடைத்து விற்கும் பார்லிச் சாற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. நடந்துகொண்டே இருக்கும் மட்குதலைப் புட்டியில் அடைக்க முடியுமா?

அளவு: நீர்ப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிராம் வரை உலர்ந்த வைக்கோல். ஆழத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் 200 சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ. நீங்கள் போட்டது சதுர மீட்டருக்கு 300 கிராம்.

போடும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குளத்தில் கட்டுகளைக் கயிற்றோடு அப்படியே மிதக்கவிட்டேன். மூன்று மாதம் கழித்தும் தண்ணீரில் மாற்றம் இல்லை. ஒரு கட்டைக் கரைக்கு இழுத்து அறுத்துப் பார்த்தேன். வெளிப்புறம் ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்பேறிக் குழைந்திருந்தது. அதற்கடுத்த அடுக்கு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நடுவில் கையை விட்டால், களத்துமேட்டிலிருந்து நேற்று வந்ததுபோல மஞ்சள் மாறாத வைக்கோல்! இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் தண்ணீரும் போகவில்லை, காற்றும் போகவில்லை. வேலை செய்தது அந்த விரற்கடைத் தோல் மட்டும்தான்.

ஆகவே கட்டை உதறிப் பிரித்துவிடுங்கள். வெங்காயம் அடைத்து வரும் வலைச்சாக்கு இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். சாக்குக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். வெளியிலிருந்து அழுத்தினால் தலையணைபோல் அமுங்கி எழ வேண்டும். நனைந்ததும் வைக்கோல் மூழ்கும் என்பதால் மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிரண்டை உள்ளே செருகுங்கள். மேலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்கவேண்டும், அடிச்சேற்றில் கிடக்கக் கூடாது. கயிற்றின் மறுமுனையில் கல்லைக் கட்டி, ஆறேழு சாக்குகளைக் குட்டை முழுவதும் பரவலாக நிறுத்துங்கள். ஒன்றை ஒரு மூலையில் போட்டுவிட்டு மறுமூலைக்கும் பலன் வரும் என்று காத்திருக்க வேண்டாம். சில வாரங்களில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சின்னஞ்சிறு இறால் போன்றவையும் பூச்சிக்குஞ்சுகளும் ஊரும். வைக்கோலின் பலனில் ஒரு பங்கு இந்தக் குடியேறிகளுக்கும் சேர வேண்டியது என்பது என் எண்ணம். பாசியை மேயும் சிற்றுயிர்கள் மீனிடமிருந்து ஒளிந்துகொள்ள அது நல்ல மறைவிடம்.

இருந்தாலும் உங்கள் குட்டைக்கு வைக்கோலை முதல் மருந்தாக எழுதித்தர எனக்கு மனமில்லை. காரணம், நீங்கள் விட்டிருக்கும் சாதாக் கெண்டை. அது அடிச்சேற்றை முகர்ந்து கிளறி இரை தேடும் மீன். தண்ணீர் எப்போதும் கலங்கலாக இருக்கும். களிமண் கலங்கலில் வைக்கோலின் பலன் குறையும். சேற்றில் அடங்கிக் கிடக்கும், பாசிக்கு உரமான பாஸ்பரசையும் அது மேலே கிளப்பிவிடும்.

பாஸ்பரஸ் என்று சொல்லிவிட்டதால் ஒரு கதை. 1973இல் கனடாவில் 226ஆம் எண்ணுள்ள ஏரி ஒன்றை விஞ்ஞானிகள் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாக மாறியது, மற்றது தெளிவாகவே நின்றது. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்குப் பாசியைப் பற்றி வேறு பாடம் வேண்டியிருக்காது.

உங்கள் குட்டையில் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? தீவனச் சாக்கிலிருந்து. நாளுக்கு இரண்டு கிலோ என்றால் நூறு நாளில் 200 கிலோ. மீன்தீவனத்தில் பாஸ்பரஸ் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும். ஆக இரண்டு கிலோ பாஸ்பரஸ். அதில் மீனின் உடம்பில் சேர்வது கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான், மிச்சம் கழிவாகத் தண்ணீருக்கு வருகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்கக்கூடும் என்பது நீரியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. இந்த வரத்தை விட்டுவிட்டு வைக்கோல் சாக்கைக் கட்டிக்கொண்டு அலைவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. நீங்கள் அழுகவிட்ட வைக்கோலும் வேப்பிலையும்கூடத் தங்களிடமிருந்த சத்தை அந்தக் கணக்கிலேயே வரவு வைத்திருக்கும்.

தீவனத்தை மீன்கள் பத்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குக் குறையுங்கள். மீன் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பாதியைப் பிடித்துவிடுங்கள். உரம் போட்ட பாத்தி, மாட்டுக்கொட்டகை, கழிவுநீர்த் தொட்டி எதிலிருந்தாவது வடிநீர் குட்டைக்குள் இறங்குகிறதா என்று ஒரு நல்ல மழையின்போது குடை பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றிவாருங்கள். வெயிலில் பத்துமுறை சுற்றினாலும் தெரியாதது அப்போது தெரியும். கரையோரம் நாலைந்து மீட்டர் அகலத்துக்குப் புல் அடர்ந்து நின்றால் வடிநீரில் வரும் மண்ணில் பெரும்பங்கை அதுவே பிடித்துக்கொள்ளும்.

வேறு தாவரப் பொருள்களைக் கேட்டிருந்தீர்கள். நெல் வைக்கோலை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. அதன் சாறு ஆய்வகத்தில் மைக்ரோசிஸ்டிசை அடக்கியதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் குடுவை வேறு, குளம் வேறு. பார்லி கிடைக்காவிட்டால் நெல் வைக்கோலை அதே அளவில், அதே வலைச்சாக்கில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பச்சைப்புல், பச்சிலை, வாழைத்தண்டு போன்ற நீர்ச்சத்து மிக்கவை வேண்டவே வேண்டாம். அவை சட்டென்று அழுகி ஆக்சிஜனைத் தின்னும், சத்தையும் கொட்டும்.

தேற்றாங்கொட்டையை உரைத்துவிடச் சொல்லி யாராவது வருவார்கள். அது மண் கலங்கலைத் தெளியவைக்கும் பொருள். சத்து நிறைந்த குளத்தில் கலங்கல் மட்டும் தெளிந்தால் வெளிச்சம் இன்னும் ஆழமாக இறங்கும், பாசிக்குக் கொண்டாட்டம்தான். முருங்கை விதைப் பருப்பின் புரதம் பாசியையும் சேர்த்துத் திரட்டி அடியில் படியவைக்கும், உண்மைதான். ஆனால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கொண்டாலும் உங்கள் குட்டைக்கு 30 கிலோ பருப்பு வேண்டும், அத்தனையும் பிறகு அடியில் அழுகும். குடத்துத் தண்ணீருக்கு நல்ல வைத்தியம், குட்டைக்கு ஒத்துவராது.

இலுப்பைப் புண்ணாக்கின் பெயர் வந்தால் உஷாராகிவிடுங்கள். அதில் உள்ள சபோனின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். மீன் வளர்ப்பவர்கள் வேண்டாத மீனை ஒழிக்கவே அதைப் போடுகிறார்கள், பிறகு அதுவே குளத்துக்கு உரமாகிறது. உங்களுக்கு மீனும் போய், பாசியும் கொழுக்கும். வேதிப்பொருள் வேண்டாம் என்ற உங்கள் உறுதியை நான் குறை சொல்லவில்லை. நீலப்பச்சைப் பாசி மண்டிய குளத்தில் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டினால் செல்கள் ஒருசேர உடைந்து நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். அதை நானும் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது என்று நினைத்து இறங்குவதும் ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

செத்த தாவரத்தைவிட உயிருள்ள தாவரம் உங்களுக்கு அதிகம் உதவும். அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் பாசிக்கு வெளிச்சம் குறையும். கெண்டை வேரைப் பிடுங்கிவிடும் என்பதால் தொட்டியில் நட்டு, மண்ணின்மேல் கூழாங்கல்லைப் பரப்பி இறக்குங்கள். கரையோரம் சம்பும் கோரையும் வளரட்டும். அவை உறிஞ்சிய சத்து குட்டையை விட்டு வெளியேற வேண்டுமானால் பருவந்தோறும் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். அறுக்காமல் விட்டால் காய்ந்து விழுந்து அதே கணக்கில் திரும்ப ஏறும். வெங்காயத்தாமரையை மட்டும் தொட வேண்டாம், பாசியே தேவலை என்று ஆகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு வைக்கோல் போடுவதாக இருந்தால், விடியற்காலையில் தண்ணீரின் ஆக்சிஜனை அளந்துவிட்டுப் போடுங்கள். லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் காற்றூட்டி இல்லாமல் ஒரு சாக்குகூட இறக்காதீர்கள். சதுர மீட்டருக்கு 25 கிராமில் தொடங்குவது உங்களுக்குப் போதும். நாலைந்து மாதத்தில் வைக்கோல் கறுத்து நைந்துபோகும். அது முற்றிலும் தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே புதுச் சாக்குகளை இறக்கி, பழையவற்றை ஆறு மாதத்துக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்த மக்கல் மரத்தடிக்கு நல்ல மூடாக்கு.

அதற்கெல்லாம் முன்னால் அந்தக் குடுவை. காலையில் பச்சை ஏடு மேலே மிதந்திருந்தால் வைக்கோல் தேடி அலைய வேண்டாம். குடுவையை எடுத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் பாசியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். அவர் பதில் சொல்லும்வரை அந்தக் குட்டையின் மீனையும் சமைக்க வேண்டாம்.